பாடுதலும் ஆய்தலும் பயிற்றுதலும்

இசைத்துறையில் ஈடுபடுவோரை மூவகையினராகப் பகுத்துக் காண்பது வழக்கம். மேடையேறிப் பாடுவோரும் கருவி மீட்டுவோரும் கலைஞர். பழைய நூல்களையும் இசையிலக்கணத்தையும் ஆராய்வோர் ஆய்வாளர். மாணவர்க்குப் பயிற்றுவிப்போர் ஆசிரியர். இம்மூன்றையும் ஒருவரே மேற்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்கு இடையூறாகும் என்று கருதுவாரும் உளர். ஆயினும், தமிழிசையின் மறைந்த பகுதியொன்றை மீட்டெடுத்த வரலாறு, இம்மூன்றும் ஒன்றுக்கொன்று துணையாவதை நமக்கு உணர்த்துகிறது.

பெயர் இருந்தது, ஒலி மறைந்தது

சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அந்நூலில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைகளும், அவற்றிலிருந்து பிறக்கும் ஏழு பாலைகளும் பேசப்படுகின்றன. ஆனால், செம்பாலை என்ற பெயரைப் படித்த எவர்க்கும் அது காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பது தெரியவில்லை. அடியார்க்குநல்லார் காலத்திலேயே பழைய இசைநூல்கள் பல மறைந்துவிட்டன. ஒலியைப் பதிவு செய்யும் கருவி இல்லாத காலத்தில் பாடும் மரபு ஒருமுறை அறுந்தால், எழுத்து மட்டுமே எஞ்சும். எழுத்திலிருந்து ஒலியை மீட்பது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை தேடிய முன்னோடி தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). மருத்துவராகவும் பள்ளி ஆசிரியராகவும் விளங்கிய அவர், 1912ஆம் ஆண்டில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, இசை மாநாடுகளைத் தம் பொருட்செலவிலேயே நடத்தினார். 1916ஆம் ஆண்டு பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில், தம் குடும்பத்து மகளிரைக் கொண்டு பாடியும் வீணை மீட்டியும் தம் கொள்கையை விளக்கினார். இசையாய்வின் முடிபு செவியால் அறியப்பட வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர்தம் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1947இல் விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. பண்டிதர் செம்பாலையைச் சங்கராபரணம் எனக் கொண்டார். அடிகளோ அரிகாம்போதி என்றார். நூற்சொற்கள் ஒன்றே; முடிபுகள் இரண்டு.

மூன்று பணிகளும் ஒருவரிடத்தில்

இத்தகைய சூழலில் இசையாய்விற்கு வந்தவர் எஸ். இராமநாதன் (1917–1988). விழுப்புரத்தை அடுத்த வளவனூரில் பிறந்த இவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றார். வாய்ப்பாட்டோடு வீணையும் கற்றுக் கச்சேரி மேடைகளில் பாடினார். 1956இல் ‘சிலப்பதிகாரத்து இசைநுணுக்க விளக்கம்’ என்னும் நூலை வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். மதுரை சற்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராகவும் பணியாற்றினார். சென்னை மியூசிக் அகாதெமி 1985இல் இவருக்குச் ‘சங்கீத கலாநிதி’ விருது வழங்கியது.

ஆய்ச்சியர் குரவையில் மாதரி, ஆயர் மகளிர் எழுவர்க்கு ஏழிசைகளின் பெயர்களைச் சூட்டி வட்டமாக நிறுத்துகிறாள். இதனைக் கூத்தின் அழகாக மட்டும் காண்பவர் உண்டு. பாடகராகிய இராமநாதனோ அவ்வட்டத்தில் இசைகளின் இடைவெளிகளைக் கண்டார். முல்லைப்பண் என்பது இன்றைய மோகன இராகமே என விளக்கினார். நாள்தோறும் மோகனத்தைப் பாடிய குரலும், வரிகளை ஆராய்ந்த கண்ணும் ஒருவருக்கே உரியனவாய் இருந்தமையால் இது கைகூடிற்று.

கையால் அறியும் இலக்கணம்

பழந்தமிழர் பன்னிரண்டு இராசி வீடுகள் கொண்ட வட்டத்தில் இசைகளை நிறுத்திக் காட்டினர். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ கிதார் பயிலும் மாணவர், அதே பன்னிரண்டு வீடுகளைத் தம் கருவியிலேயே காணலாம். கிதாரின் கழுத்தில் பதிக்கப்பட்ட மெட்டு ஒவ்வொன்றும் அரைச்சுர அளவு உயர்வது. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவில் அமைந்து மேல் ஸட்ஜத்தைத் தரும். மூன்றாம் தந்தியைத் திறந்த நிலையில் மீட்டி, பின்னர் 2, 4, 5, 7, 9, 10, 12 ஆகிய மெட்டுகளில் வாசித்தால் அரிகாம்போதி பிறக்கும். அதனைச் செம்பாலை எனக் கொண்டு, சுரங்களை மாற்றாமல் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றுக:

துத்தம் (2ஆம் மெட்டு): படுமலைப்பாலை – நடபைரவி
கைக்கிளை (4): செவ்வழிப்பாலை – இருமத்திமத் தோடி
உழை (5): அரும்பாலை – சங்கராபரணம்
இளி (7): கோடிப்பாலை – கரகரப்பிரியா
விளரி (9): விளரிப்பாலை – தோடி
தாரம் (10): மேற்செம்பாலை – கல்யாணி

ஒரே சுரவரிசையிலிருந்து ஏழு பாலைகள் தோன்றும் இம்முறையே பண்ணுப்பெயர்த்தல் எனப்பட்டது. இதனைப் பலமுறை படித்தும் விளங்காதவர்க்கு, ஒருமுறை மீட்டியதும் விளங்கிவிடும். ஆய்வுக்குக் கருவி துணையாவது இவ்வாறே. மாணவர் ‘ஏன்?’ என்று வினவும்போது, பழக்கத்தால் பாடிவந்த ஒன்றிற்குக் காரணம் தேட வேண்டிய நிலை ஆசிரியர்க்கு ஏற்படுகிறது. அக்காரணமே புதிய ஆய்வுக்கு வித்தாகிறது. ஆய்வில் தெளிந்தது மீண்டும் மேடையிலும் வகுப்பிலும் ஒலிக்கிறது.

தொடரும் மரபு

இம்மூன்று பணிகளையும் ஒருங்கே மேற்கொள்வது எளிதன்று. விரல்களும் குரலும் நாள்தோறும் பயிற்சியை வேண்டும். ஆய்வு நெடிய தனிமையை வேண்டும். கற்பித்தல் பொறுமையை வேண்டும். மேடை வருவாய் நிலையற்றது. ஆகவே, கலைஞர் பலர்க்குக் கற்பித்தலே வாழ்வாதாரமாகவும் அமைகிறது. எனினும், கற்பித்தலை வருவாய்க்கு மட்டும் உரிய வழியாகக் கருதாதவர்க்கே அது அறிவுக்கும் வழியாகிறது.

இராமநாதனின் மாணவியரில் ஒருவரான சௌம்யா, சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசையாய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். மேடைக் கலைஞராக விளங்கி, 2019ஆம் ஆண்டு ‘சங்கீத கலாநிதி’ விருதைப் பெற்றவர். ஆசிரியரிடம் ஒன்றாய் இணைந்திருந்த பணிகள் மாணவரிடத்தும் தொடர்ந்தன.

கிதார், கீபோர்டு, வீணை, குரல் என எதனைப் பயில்பவராயினும், பாடப்பகுதியில் ஏழிசைகளின் பெயர்களைக் காணும்போது அவற்றை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். கருவியை எடுத்து மீட்டிப் பாருங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அறிந்ததை அருகிலிருப்பவர்க்கு விளக்குங்கள். கலைஞர், ஆய்வாளர், ஆசிரியர் என்னும் மூவரும் அச்செயலிலேயே உங்களுள் தோன்றத் தொடங்குவர்.