ஊசி கோத்துக் கொடுக்கும் பிள்ளைகள்

பிறக்கப் போகும் குழந்தைக்கென்று முன்கூட்டியே துணிமணி தைத்து வைப்பது நம் குடும்பங்களில் வழக்கமில்லை. வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்து சேர்ந்த மகளுக்கு வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போடுகிற தாயார்கூட, தொட்டிலைப் பற்றியோ சட்டையைப் பற்றியோ யாரேனும் பேச்செடுத்தால், முதலில் அது நல்லபடியாகப் பூமிக்கு வந்து சேரட்டும் என்று அடக்கிவிடுவாள். மேனாட்டுக் கதைகளில் கர்ப்பிணிப் பெண் ஜன்னலோரம் அமர்ந்து கம்பளிக் காலுறை பின்னுகிற காட்சி நமக்குச் சற்று அந்நியமாகத் தோன்றுவது இதனால்தான். நம் வீடுகளில் ஊசி வேலை பிள்ளைப்பேற்றுக்குப் பிறகே தொடங்குகிறது. அப்போதும் புதுத் துணியில் தொடங்குவதில்லை. பல ஆண்டுகள் உடுத்தி, கணக்கில்லாமல் துவைத்து, கஞ்சியும் சாயமும் முற்றிலும் கழன்று, பஞ்சுபோல் மிருதுவாகிவிட்ட பாட்டியின் நூற்சேலையையும் தாத்தாவின் வேட்டியையும் வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, கத்தரியைத் தொடாமல் கையாலேயே நேர்கோடாகக் கிழித்துச் சதுரம் சதுரமாக மடித்து வைப்பார்கள். அந்த முதல் துணியில் தையலே இராது. சிசுவின் மேனியில் தையலின் விளிம்பு உரசிவிடலாகாதே என்ற ஜாக்கிரதை அது.

2015-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் துண்டு, உடை, சிறு படுக்கை உட்பட 16 பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது; ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய உபகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும் பெட்டகத்தோடு வீடு திரும்பிய குழந்தையும் கடைசியில் ஆயாவின் பழஞ்சேலையில்தான் உறங்குகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி, கரியாலூர், வெள்ளிமலை என்று கல்வராயன் மலைமேல் ஏறிச் செல்பவர்களுக்கு, சாமையும் மரவள்ளியும் விளைகிற சரிவுகளில், மரக்கிளையில் கட்டிய தூளியில் குழந்தை கிடக்க, கூப்பிடு தூரத்தில் தாய் களையெடுக்கும் காட்சி அபூர்வமன்று. ஒரு சேலை, ஒரு முடிச்சு, துணி இருபுறமும் கவிந்து குழந்தையின் மூச்சை அடைத்துவிடாதபடி விலக்கி நிறுத்த ஒரு குறுக்குக் கம்பு: தூளிக்கு வேண்டியவை இவ்வளவே.

2000 முதல் 3000 அடி உயரத்தில் பரந்து கிடக்கும் அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நெசவுக்குப் பேர்போன ஊரைப் பூர்விகமாகக் கொண்டாடும் அவர்களுக்குத் துணியோ கீழ்நாட்டிலிருந்து மலையேறி வரும் பண்டமாகவே பெரும்பாலும் இருந்திருக்கிறது. துணி அருமையாயிருந்த இடத்தில், கிழிந்ததை ஒட்டுப் போட்டும், பெரியவர் உடுத்தியதைச் சிறியவருக்குக் குறுக்கித் தைத்தும் உபயோகிப்பதென்பது குடும்பத்தின் அன்றாட வித்தையாக இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்த வித்தையில் மிகவும் அழகியது என்று நான் கருதுவது, மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான பாவாடை மடிப்பு. பெண்குழந்தைக்குப் பாவாடை தைக்கும்போது தேவைக்குமேல் ஒரு முழம் உயரம் கூட்டி வெட்டி, கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று வரிசை மடிப்பு பிடித்து, பிரிக்கச் சுலபமான பெரிய இழையோட்டத்தில் தைத்துவிடுவார்கள். 'டக்' பிடிப்பது என்று தையற்காரர்கள் சொல்வது இதைத்தான். பாவாடை கணுக்காலுக்குமேல் ஏறிவிட்டால் ஒரு மடிப்பைப் பிரித்து இறக்குவார்கள். அடுத்த பொங்கலுக்கு இன்னொன்று. வெயிலும் சோப்பும் படாமல் மடிப்புக்குள் ஒளிந்திருந்த பட்டை, மற்றப் பகுதி வெளுத்த பின்னும் பழைய நிறம் மாறாமல் பளிச்சென்று தெரியும். அதன் மேலும் கீழும் ஊசி போய்வந்த துளைகள் புள்ளிவரிசையாக நிற்கும். அறுத்த மரத்தில் வளையத்தை எண்ணி வயதைச் சொல்வதைப் போல, அந்தப் பட்டைகளை எண்ணியே அந்தப் பெண் எத்தனை முறை வளர்ந்தாள் என்று தாய் சொல்லிவிடுவாள். இரண்டு வருஷத்தில் தன் பிள்ளை எவ்வளவு உயருவாள் என்று மனத்தில் கணக்கிட்டு, அந்த வளர்ச்சிக்கு இன்றைக்கே இடம் விட்டு வைக்கிற தையல் அது. கடையில் வயதைக் குறிப்பிட்டுத் தொங்கவிட்டிருக்கும் ஆயத்த உடையின் ஓரத்தை மடக்கிப் பாருங்கள். பிரித்துவிடக் கால் அங்குலத் துணிகூட மிஞ்சியிராது.

துணி சிக்கனமானது என்பதற்காக இதையெல்லாம் நான் புகழவில்லை. சிக்கனம் காலத்துக்குக் காலம் மாறுபடும். ஆயத்த உடை மலிந்துவிட்ட இந்நாளில் வீட்டில் தைப்பதே அதிகச் செலவாகலாம். நான் இழந்துவிடுவோமோ என்று அஞ்சுவது வேறொன்று. கைத்தையலில் ஈடுபட்டவள் ஓரிடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். கண் ஊசிமுனையில் இருக்கும்; செவியும் வாயும் சும்மா இருக்கும். குழந்தைக்கு இதைவிட அனுகூலமான தாய் வேறில்லை. சமைக்கும்போது அடுப்பு குறுக்கே நிற்கிறது; களையெடுக்கும்போது தாய் தூரத்தில் இருக்கிறாள்; கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருக்கும்போதோ அருகிலேயே உட்கார்ந்திருந்தாலும் கண்ணும் செவியும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஊசி வேலை ஒன்றுதான் பெரியவரை அசையாமல் உட்காரவைத்து, அவர் செவியைக் குழந்தைக்கென்று ஒதுக்கிக் கொடுத்தது. அந்தப் பிற்பகல் ஒரு நாழிகையில்தான், உறவினர் யார் யார், எந்த மாமன் எந்த ஊர், தாத்தா ஏன் பட்டணத்திலிருந்து திரும்பி வந்தார் என்ற குடும்ப சரித்திரமெல்லாம் குழந்தைகளுக்கு வந்து சேர்ந்தது.

வயதான ஆயாவுக்கு ஊசியின் காது தெரியாது. திண்ணையில் உட்கார்ந்தபடி, 'கண்ணு, இந்த நூலைக் கோத்துக் குடு சாமி' என்று பேரனையோ பேத்தியையோ கூப்பிடுவாள். பிள்ளை நூல்முனையை எச்சிலில் நனைத்து, விரலிடுக்கில் முறுக்கிக் கூராக்கி, ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுழைக்கும். நூல் பிரிந்து விலகினால் மறுபடியும் முறுக்கும். கோத்த பிறகு ஆயா நூலின் கடைசியைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் உருட்டி இழுத்து முடிச்சுப் போடுவதை அருகிலேயே நின்று பார்க்கும். வீட்டில் நாலு வயதுக் குழந்தையால் செய்ய முடிந்து, பெரியவரால் செய்ய முடியாத காரியம் இது ஒன்றுதான். குழந்தைக்கு விளையாட்டாக நாம் ஒப்புக்குக் கொடுக்கும் வேலைகள் பல உண்டு. இது ஒப்புக்கு அன்று. அது கோத்துக் கொடுக்காவிட்டால் ஆயாவின் கிழிந்த ரவிக்கை கிழிந்தபடியே கிடக்கும். தன்னை நம்பி ஒரு மனுஷி காத்திருக்கிறாள் என்பதைக் குழந்தை முதன்முதலாக உணருகிற இடம் அந்த ஊசிக்காது என்று நான் நம்புகிறேன். விளக்கு வைத்தபின் ஊசியை வெளியே கொடுக்கலாகாது, உடுத்தியிருக்கும் துணியை உடம்போடு வைத்துத் தைக்கலாகாது என்ற வீட்டுச் சட்டங்களும், கூர்மையான பொருளிடம் மரியாதையும் அங்கேயே கூடச் சேர்ந்து கற்பிக்கப்பட்டன.

இப்போது அந்தத் திண்ணைக்கு என்ன நேர்ந்திருக்கிறது? தையல் அழிந்துவிடவில்லை, சொல்லப்போனால் முன்னெப்போதையும்விட அதிகமான பெண்கள் தைக்கிறார்கள். அரசு தையல் யந்திரங்களை இலவசமாக வழங்குகிறது. அரசுப் பள்ளிச் சீருடைகளை மகளிர் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைத்துக் கொடுக்கிறார்கள். கீழ்நாட்டு ஊர்களிலிருந்து திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்குச் சென்று, உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் சட்டை தைத்துப் பிசிறு வெட்டும் பெண்கள் எத்தனையோ பேர். மலையிலிருந்தோ குடும்பம் குடும்பமாகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். குழந்தைகள் ஆயாவிடம் விடப்படுகிறார்கள். ஊதியம் வந்த அளவுக்கு ஊசி வீட்டைவிட்டுப் போயிற்று. ஒரே அளவில் நூறு காலர் வைத்துக் கொடுத்தால்தான் அன்றைய பீஸ் ரேட் கட்டுப்படியாகும் என்ற நிலையிலுள்ள தாயிடம், 'அம்மா, என் பொம்மைக்கு ஒரு பாவாடை' என்று மகள் வந்து நின்றால், அந்த இரைச்சலில் அவளுக்கு முதலில் காது கேட்பதே கடினம். கேட்டாலும் பாபினில் ஓடுகிற நூல் அவளுடையதன்று. மோட்டார் பூட்டிய யந்திரத்தின் அருகில் குழந்தையை விடவும் முடியாது. தைக்கிற கைக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிட்டது. அந்தச் சுவரின் இந்தப் பக்கத்தில் அழுகிற பிள்ளையின் கையில் கைப்பேசி கொடுக்கப்படுகிறது.

வீட்டுத் தையல் என்பது பெண்ணைத் திண்ணையோடு கட்டிப்போட்ட கயிறு என்றும், கூலி கிடைக்கிற தையலே அவளுக்கு விடுதலை என்றும் வாதிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் திண்ணையில் ஆணும் உட்காரலாமே என்று அவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. தையற்கடைகளில் காஜா எடுத்துப் பித்தான் கட்டுவது ஆண்கள் தொழிலாகவே இருந்திருக்கிறதல்லவா?

இந்தக் கவலையோடு கல்வராயன் மலையின் மேற்குப் புறத்தைப் பார்த்தால் மனத்துக்குச் சற்று ஆறுதல் உண்டு. கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கிலே, தருமபுரி மாவட்டத்தில், சிட்டிலிங்கி என்ற ஊர் இருக்கிறது. அங்கே மலையாளி மக்களோடு லம்பாடி மக்களும் வசிக்கிறார்கள். கண்ணாடிச் சில்லும் சோழியும் காசும் வைத்து, கெட்டித் துணியில் நெருக்கி நெருக்கித் தைக்கிற சித்திர வேலைப்பாடு லம்பாடிப் பெண்களின் குலச்சொத்து. நவீன உடை பழக்கத்துக்கு வந்ததும் அது படிப்படியாக மறந்துபோய், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், கைப்பழக்கம் மறக்காத மூதாட்டிகள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்களாகவே எஞ்சியிருந்தார்கள். அவர்களிடமிருந்தும், பெட்டியில் கிடந்த பழைய பாவாடைகளின் தையலைக் கூர்ந்து பார்த்தும், இளம் பெண்கள் மறுபடி கற்றுக்கொண்டார்கள். 2006-ஆம் ஆண்டில் ஒரு கைவினைச் சங்கமாகத் திரண்டு, அந்தத் தையலைப் பைகளிலும் உறைகளிலும் ஆடைகளிலும் பதித்து விற்று வருகிறார்கள்.

எனக்கு அதில் விசேஷமாகத் தோன்றுவது விற்பனையன்று. கையால் தைக்கிற வேலையாதலால் துணியை மடித்து எடுத்துக்கொண்டு எங்கேயும் உட்காரலாம். வயல் வேலை இல்லாத பொழுதில் தைக்கலாம். குழந்தை மடியில் சாய்ந்திருக்கலாம். மோட்டாரின் இரைச்சல் கிடையாது. பாட்டியின் பாவாடையிலிருந்து பேத்தி கற்றுக்கொள்ளுகிறாள் என்னும்போது, சொல்லிக் கொடுக்கச் சந்தர்ப்பமில்லாமல் ஒரு தலைமுறை விட்டுவிட்டதைத் துணியே பத்திரப்படுத்தி வைத்திருந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறது என்று ஆகிறது. ஆனாலும் கண்ணாடி பதித்த அந்தப் பாவாடை பெட்டியில் இருந்தது, அதனால் பிழைத்தது. ஒட்டுப் போட்ட சட்டையையும் டக் பிரித்த பாவாடையையும் எந்த வீட்டில் பெட்டியில் வைக்கிறார்கள்? கரித்துணியாகி அடுப்படியில் முடிந்துபோகிற அவற்றை இன்னும் இருபது வருஷம் கழித்து எங்கே போய்ப் பார்த்துக் கற்பது?

பள்ளிக்கூடங்கள் ஒரு காலத்தில் இந்தப் பொறுப்பில் பங்கெடுத்துக் கொண்டன. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாடு கைத்தொழிலின் மூலமாகவே சகல பாடங்களையும் போதிக்கலாம் என்று வகுத்த ஆதாரக் கல்வி, சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நம் மாகாணத்துப் பள்ளிகளிலும் தக்ளியைச் சுழலவைத்தது. 1939-இல் அடையாற்றில் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப்பட்டு, யுத்தகாலத்தில் கொடைக்கானலிலும் நடந்த மாண்டிசோரி முறையில், மரச்சட்டத்தில் துணியைப் பூட்டி, பித்தான் மாட்டவும் நாடா முடியவும் கொக்கி போடவும் சிறு குழந்தைகள் பழக்கப்பட்டார்கள். இன்று தையல் ஆசிரியர் பணி பல இடங்களில் பகுதிநேரமாகக் குறுகி, தையல் வகுப்பு என்பது பரீட்சை நெருங்கினால் கணக்குக்கு விட்டுக்கொடுக்கிற வகுப்பாகிவிட்டது. மலைப்பகுதி அரசுப் பள்ளிகளில் குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை வழங்குகிறார்கள். மார்கழிப் பனியில் அது அவசியமானது. அந்தச் சட்டையின் முழங்கையில் ஒரு கண்ணி அறுந்தால், அறுந்த இழையைப் பிடித்து முடிந்து மேலே ஓடாமல் நிறுத்துவது ஐந்து நிமிஷ வேலை. அது தெரியாததால் ஒரு கண்ணி பத்தாகி, பத்துக் கண்ணி ஓட்டையாகி, குளிர்காலம் முடியுமுன்பே சட்டை கழித்துப் போடப்படுகிறது.

2019 நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின்பு, மலைக்குச் சாலையும் அலுவலகங்களும் முன்னிலும் நெருங்கி வருகின்றன, வரட்டும். அங்கன்வாடிகளில், சத்துமாவுக்கும் பாட்டுக்கும் நடுவே, வாரத்துக்கு ஒரு பிற்பகல் ஊரிலுள்ள ஆயாமார் இரண்டு பேரை அழைத்து உட்காரவைக்கலாம் என்பது என் யோசனை. பெற்றோர் தோட்ட வேலைக்குப் போயிருக்கும் வீடுகளில் பிள்ளைகளை வளர்ப்பவர்களும் அவர்களே ஆதலால், புதிதாக யாரையும் நியமிக்க வேண்டியதில்லை. நாலு வயதுக் கைக்குச் சன்ன ஊசி ஆகாது. சாக்கு தைக்கிற கோணி ஊசியின் காது பெரிது, முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிடலாம். துணிக்குப் பதிலாகக் கோணித் துண்டு. அதன் நெசவு இடைவெளி விட்டு இருப்பதால் ஊசி தானாக வழி கண்டுபிடித்துப் போகும். நூலுக்குப் பதிலாக, பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்தெடுத்த உல்லன். சேரும் செலவு ஒரு ஊசியின் விலை. ஆண்பிள்ளைகளையும் சேர்த்தே உட்காரவைக்க வேண்டும். பிள்ளை தைத்த கோடு கோணலாக இருக்கிறதென்று பெரியவர்கள் அதைப் பிரித்துவிடலாகாது.