பொம்மைக் காருக்குள் ஒரு வேகக் கணக்கு

நம்ம சத்தியவேட்டுப் பக்கம் ஸ்ரீசிட்டியில் 2023-ஆம் ஆண்டு டைக்கின் ஏ.சி. தொழிற்சாலை திறக்கப்பட்டது. இன்வெர்ட்டர் ஏ.சி.யின் கம்ப்ரசரைத் தேவைக்கேற்ப மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டுகிற அதே மின்னணு வித்தைதான், ரேடியோ கார்ப் பந்தயத்திலும் பயன்படுகிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை 'ஈ.எஸ்.சி.' என்பார்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாரின் மூன்று சுருள்களுக்கும் முறைவைத்து அனுப்புவது அதன் வேலை.

இதை 'டியூன்' பண்ணுவது எப்படி? முதலில் ரிமோட்டின் நடுநிலை, முழு வேகம், முழு பிரேக் மூன்றையும் கருவிக்குப் பதிவு செய்ய வேண்டும். அடுத்து 'பஞ்ச்', அதாவது புறப்படும்போது வண்டி பாய்கிற பாய்ச்சல். வழுக்கும் தரையில் இதைக் குறைக்காவிட்டால் சக்கரம்தான் சுற்றும், வண்டி நகராது. பிறகு 'டைமிங்'. சுருளுக்கு மின்சாரத்தைச் சற்று முன்கூட்டியே அனுப்பினால் சுழற்சி கூடும். கூடவே சூடும் ஏறும். சூடு மிஞ்சினால் மோட்டாரின் காந்தம் வலுவிழந்துவிடும். ஆகவே ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து, சில நிமிடம் ஓட்டி, சூட்டையும் சுற்று நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. லித்தியம் பாலிமர் பேட்டரியில் செல் ஒன்றுக்குச் சுமார் 3.2 வோல்ட் வந்ததும் ஓட்டம் நிற்கும்படி 'கட் ஆஃப்' வையுங்கள். 'இன்னும் ரெண்டு சுற்று ஓடட்டுமே' என்று பிள்ளைகள் அதை அணைத்துவிடுவார்கள். அளவுக்கு மீறி வடிந்த பேட்டரி உப்பும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது தீப்பிடிக்கவும் கூடும். பந்தயத்தில் ஜெயிப்பது அப்புறம். சார்ஜ் ஏறி முடியும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.