சுருக்குப்பையில் இருபதாயிரம் கோடி!

இறக்குவானையில் கொழுந்தெடுக்கும் அக்காவின் சுருக்குப்பையிலும், எட்டியாந்தோட்டையில் பால் வெட்டும் அண்ணனின் சட்டைப்பையிலும் ஏறத்தாழ இருபதாயிரம் கோடி கிடக்கிறது. ரூபாய் என்று ஓடிவராதீர்கள்! தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்கிறேன். 2016 முதல் ஆட்பதிவுத் திணைக்களம் கொடுக்கும் 12 இலக்கங்களையும் ஒரே எண்ணாக வாசித்துப் பாருங்கள். பழைய 9 இலக்க அட்டைக்காரர்களும் வரலாம்: முன்னால் 19 போட்டு, பழைய ஐந்தாம் இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0 செருகினால் போதும்.

இனி எண்ணின் வயிற்றைத் திறப்போம். முதல் நான்கு, பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள். பெண்ணென்றால் அதோடு 500 கூட்டு. பிறகு நான்கு தொடரிலக்கம். கடைசியாக நிற்பது காவல்காரன்: முன்னுள்ளவற்றைக் கணக்கிட்டு வரும் சோதனை இலக்கம். எழுதும்போது கை தவறினால் காட்டிக்கொடுக்க அவன்.

1985 ஜூலை 15இல் பிறந்த பெண்ணா? நாள் 197, கூட்டல் 500, ஆக 697. எண் 1985697 என்று தொடங்கும். மதிப்பு 19,856 கோடியே 97 இலட்சத்துக்குச் சற்று மேல்! ஒரு நாள் பிந்திப் பிறந்தால் ஓர் இலட்சம் ஏறும். ஓர் ஆண்டு பிந்தினால் பத்துக் கோடி. பெண்ணின் உச்சம் 866தான் என்பதால் ஓர் ஆண்டு அடுத்த ஆண்டின் காலை மிதிக்கவே மிதிக்காது. 367 முதல் 500 வரை யாருக்குமே கிடையாது!

இன்னொரு குறும்பு: எல்லா ஆண்டுக்கும் 366 நாள் என்றே கணக்கு. சாதாரண ஆண்டிலும் மார்ச் 1க்கு 61தான். பெப்ரவரி 28இலிருந்து ஒரே இரவில் இரண்டு இலட்சம் தாவல்!

பழைய இலக்கத்தின் வாலில் ஆங்கில எழுத்தொன்று இருந்தது: வாக்குரிமை உள்ளவருக்கு 'வீ', இல்லாதவருக்கு 'எக்ஸ்'. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 2003இன் சட்டம் வரை காத்திருந்தவர்களின் தோட்டங்களில் அந்த எழுத்து விளையாட்டல்ல. புது எண்ணில் எழுத்தே இல்லை. லயமா பங்களாவா என்பதற்கும் அதில் இடமில்லை.

ஆகவே தோட்டத்துத் துரையும் கொழுந்தெடுக்கும் அக்காவும் ஒரே நாளில் பிறந்திருந்தால் அட்டைகளை அருகருகே வைத்துக் கழித்துப் பாருங்கள். அக்காதான் ஏறத்தாழ ஐந்து கோடி மேலே!