பணம் பறிக்கும் போன்! வீட்டுக்குக் காவல் 1930

வில்லியனூரிலும் பாகூரிலும் இரவில் வாசல் கதவைத் தாழிடாமல் யாரும் படுப்பது இல்லை. ஆனால், தலைமாட்டில் இருக்கும் செல்போனுக்குத் தாழ்ப்பாள் போட்டீர்களா?

இந்தக் காலத்துத் திருடன் கதவை உடைப்பது இல்லை. போனில் கூப்பிடுகிறான்.

நெல் விற்ற பணம் பாங்கில் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அது. ஒரு நாள் போன் வருகிறது.

"பாங்கில் இருந்து பேசுகிறேன். உங்கள் கணக்கு இன்று முடங்கிவிடும். போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்."

பயந்துபோய்ச் சொல்லிவிட்டால், பணம் போய்விடும். அந்த எண்தான் ஓ.டி.பி. பணப்பெட்டியின் சாவி அது. எந்த பாங்கும் அதைக் கேட்காது.

பணம் வாங்க ரகசிய எண் எதற்கு?

"உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன். ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று மற்றொருவன் சொல்வான். நம்பாதீர்கள். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் கொடுக்கத்தான் தேவை. வாங்குவதற்குத் தேவை இல்லை.

போலி போலீஸ்

வேறொருவன் போலீஸ் உடையில் வீடியோவில் வருவான். "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டுவான்.

சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது! 2024 அக்டோபரில் பிரதமர் மோடியே வானொலியில் இதைச் சொன்னார். பேச்சை வளர்க்காமல் போனை வைத்துவிடுங்கள்.

செலவு இல்லாத காவல்

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், வண்டிக்கு அபராதம் என்றும் ஏ.பி.கே. கோப்பு வரும். அதைத் தொடாதீர்கள். வீட்டு வை-பை பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

'சைபர் ஸ்வச்தா கேந்திரா' என்ற மையத்தை மத்திய அரசு 2017-ம் ஆண்டு தொடங்கியது. செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் புகுந்த வைரசை நீக்கும் கருவிகளை அது இலவசமாகத் தருகிறது.

பணம் போய்விட்டால்?

பாகூர் ஏரியில் மதகு உடைந்தால் என்ன செய்வோம்? விடியட்டும் என்று காத்திருப்போமா? தண்ணீர் ஓடிப்போகுமுன் அடைப்போம் அல்லவா?

பணமும் அப்படித்தான். ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு பணம், எந்த பாங்கு, எத்தனை மணிக்குப் போனது என்று சொல்லுங்கள். அவர்கள் பாங்குக்குத் தகவல் கொடுப்பார்கள். திருடன் எடுக்காமல் கணக்கில் மிச்சம் இருக்கும் பணத்தை நிறுத்தி வைக்க முடியும். உங்கள் பாங்குக்கும் சொல்லிவிடுங்கள்.

திட்டாதீர்கள்!

ஏமாந்தவர் வீட்டில் சொல்லப் பயப்படுகிறார். "மகன் கோபிப்பான், கணவர் அடிப்பார்" என்று மறைக்கிறார். அந்த நேரம் திருடனுக்கு லாபம்.

ஆகவே, ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். தைரியம் சொல்லி, போனை எடுத்துக் கொடுங்கள்.

இன்றே சமையலறைச் சுவரில் 1930 என்று பெரிதாக எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதைப் பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்!