சாணைச் சக்கரத்தில் ஒரு தமிழ்ச் சொல்

ஓசூர்ப் பேருந்துகளின் பெயர்ப் பலகையைக் கவனித்திருப்பீர்கள். தமிழில் 'ஓசூர்', ஆங்கிலத்திலோ 'ஹோசூர்'. கன்னடத்தில் 'ஹொஸ' என்றால் புதிய என்று பொருள். 'ஊரு' நம்முடைய ஊரேதான். தமிழ் நாவில் ஹகரம் உதிர்ந்தது; ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. இப்படி மொழி எல்லையைத் தாண்டும் சொற்கள் உருமாறுவது இயல்பே. ஆனால் சில சொற்களை அவை புறப்பட்ட வீட்டாருக்கே அடையாளம் தெரியாமற் போகிறது.

இங்குள்ள சிப்காட் பகுதியில் ஏதேனும் ஒரு பட்டறைக்குள் சென்று பாருங்கள். சாணைச் சக்கரம் எஃகைத் தேய்க்க, தீப்பொறி பறக்கும். எஃகுக்கான சக்கரத்தில் பெரும்பாலும் இருப்பவை அலுமினியம் ஆக்சைடு துகள்கள். இதே பொருள் இயற்கையில் கனிமமாகக் கிடைக்கும்போது, அதை என் மாணவர்கள் 'கொரண்டம்' என்று எழுதுகிறார்கள். "இது கிரேக்கச் சொல்லா, லத்தீனா ஐயா?" என்று ஒரு மாணவர் கேட்டார். இரண்டும் அன்று, நம் குருந்தம்தான்!

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9. சிறிது குரோமியம் கலந்தால் இதுவே மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலக்கல். 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் ஆசியாவிலிருந்து வந்த இக்கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார்.

சொல் எப்படி மாறியது? 'குருந்தம்' என்று சொல்லிப் பாருங்கள். 'ந்த' என்னும்போது நாக்கு நுனி பல்லைத் தொடுகிறது அல்லவா? ஆங்கிலேயரின் நாக்கோ பல்லுக்கு மேலுள்ள ஈறைத் தொடும். அவ்வொலி நம் காதில் 'ண்ட' என்று விழுகிறது. போனது 'ந்த', திரும்பி வந்தது 'ண்ட'! ஈற்று 'அம்' லத்தீன் பெயர்களின் ஈற்றைப் போலவே ஒலித்ததால், அயற்சொல் என்ற ஐயம் யாருக்கும் எழவில்லை. (தேர்வில் எப்படி எழுதினாலும் மதிப்பெண் உண்டு. குருந்தம் என்றே எழுதுங்கள் என்பது என் விருப்பம்.)

கதை இத்துடன் முடியவில்லை. 1891இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்செசன் களிமண்ணையும் கல்கரியையும் மின்சாரத்தால் சூடேற்றி, மிகக் கடினமான படிகங்களைப் பெற்றார். கார்பனும் குருந்தமும் கூடிய பொருள் என்று எண்ணி, இரண்டு பெயர்களையும் ஒட்டிக் 'கார்போரண்டம்' என்றார். பின்னர்தான் தெரிந்தது, அது சிலிக்கன் கார்பைடு. வார்ப்பிரும்பைத் தேய்க்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். குருந்தம் அதில் இல்லை. பெயரில் மட்டும் உண்டு.