கதவைத் தூக்குவது யார்?

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் வாசற்கதவு பெரும்பாலும் விருந்தாளிக்கும் கொரியர்காரருக்கும்தான். வீட்டுக்காரர்கள் போவதும் வருவதும் கராஜ் வழியாக. உறைபனிக் காலை ஒன்றில் அந்தக் கதவு மக்கர் செய்தால் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் அன்றைக்கு அம்போ. பொத்தானை அழுத்துவார்கள். கூரையில் தொங்கும் மோட்டார் உறுமும். கதவு நாலு விரற்கடை எழும்பி நின்றுவிடும். உடனே வீட்டில் எல்லோரும் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொல்வார்கள்: "மோட்டார் போச்சு!"

பாவம் மோட்டார். அநேகமாக அது நன்றாகத்தான் இருக்கும். இன்னும் சொல்லப்போனால், அந்தக் கதவின் எடையைச் சுமப்பது அதன் வேலையே இல்லை.

இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். இரும்புத் தகட்டில் செய்ததென்றால் 60 கிலோவிலிருந்து 100 கிலோ வரை எடை. மரமென்றால் இன்னும் கூடும். உள்ளே நின்று, மூடிய கதவுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். சுவரை ஒட்டிக் குறுக்காக ஓர் இரும்புத் தண்டு ஓடும். அதன்மேல் தடித்த கம்பிச் சுருள் ஒன்றோ இரண்டோ மாட்டியிருக்கும். தண்டின் முனைக்கொரு டிரம். டிரம்மிலிருந்து இறங்கும் எஃகுக் கேபிள் கதவின் அடிமூலையைப் பிடித்திருக்கும். அந்தச் சுருள்தான் ஸ்பிரிங். கதவைத் தூக்கும் உண்மையான ஆள் அதுதான். நம் ஊர்க் கடை ஷட்டரிலும் மேலே உருளைக்குள் ஸ்பிரிங் உண்டு. கடைப்பையன் கொக்கிக் கம்பியால் ஓர் இழுப்பு இழுத்ததும் ஷட்டர் சடசடவென ஏறுவது அதனால்தான்.

வரலாறும் இதற்குச் சாட்சி. மேலே ஏறும் கராஜ் கதவை சி. ஜி. ஜான்சன் உருவாக்கியது 1921-இல். அதற்கு அவர் மின்மோட்டார் பொருத்தியது 1926-இல். நடுவில் ஐந்து வருடம் கதவு கையாலேயே ஏறி இறங்கியது.

இதில் என்னை வியக்கவைப்பது ஒரு கணக்குப் பொருத்தம். முறுக்கிய ஸ்பிரிங் தளரத் தளர அதன் பலம் குறையும். அப்படியானால் கதவு பாதி உயரம் போனதும் ஸ்பிரிங் சோர்ந்துவிட வேண்டுமே? சோரத்தான் செய்கிறது. ஆனால் கதவின் சுமையும் அதே வேகத்தில் குறைகிறது! கதவு ஒரே பலகை அல்ல. கீல் போட்டு இணைத்த நாலைந்து பட்டைகள். மேலே போகப் போக ஒவ்வொரு பட்டையும் வளைவில் திரும்பிக் கூரைக்கு அடியிலுள்ள கிடைமட்ட டிராக்கில் படுத்துக்கொள்கிறது. படுத்த பட்டையின் எடையை டிராக் தாங்கிக்கொள்ளும். கேபிளுக்கு அது பாரம் இல்லை. பாதி திறந்த கதவில் பாதி எடைதான் கேபிளில் தொங்குகிறது, ஸ்பிரிங்கிலும் ஏறக்குறைய பாதி பலம்தான் மிச்சம். முழுதும் திறந்தால் இரண்டுமே பூஜ்யத்தை நெருங்கும். ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 4 அங்குல டிரம், 7 அடிக் கதவை முழுக்க ஏற்ற 6¾ சுற்றுச் சுற்றினால் போதும். ஆனால் ஸ்பிரிங்கை முறுக்குவது 7½ சுற்று. அந்த முக்கால் சுற்று உபரி, கதவு உச்சியில் நிற்கும்போதும் கேபிள் தொய்ந்து டிரம்மை விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ள.

இவ்வளவும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்வதால் மோட்டாருக்கு மிஞ்சுவது உராய்வை வெல்வதும், நகர்த்திவிடுவதும், நிறுத்துவதும். அரைக் குதிரைத்திறன் மோட்டார் கணக்குப்படி 100 கிலோவையும் மெல்லத் தூக்கிவிடக் கூடியதுதான். ஆனால் வழக்கத்தைவிடப் பாரம் கூடினால் நின்றுவிடும்படி அதை வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த உறுமலும் நாலு விரற்கடையும். பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினால் மேல்பட்டை வளையும், மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேயும். சின்னச் செலவு பெரிய செலவாகும்.

கதவு சரியாக இருக்கும் நாளிலேயே அதைச் சோதித்து வைத்துக்கொள்ளலாம். கதவை மூடிவிட்டு, மோட்டார் தண்டவாளத்திலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுங்கள். கதவுக்கும் மோட்டாருக்கும் உறவு அறும். இப்போது கையால் தூக்குங்கள். சில கிலோ எடையைத் தூக்கும் சிரமம்தான் இருக்க வேண்டும். இடுப்பளவில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். அசைக்கவே முடியாதபடி கனத்தால் ஸ்பிரிங் கோளாறு. தூக்கும் முயற்சியை அங்கேயே கைவிடுங்கள். கதவு திறந்திருக்கும்போது மட்டும் கயிற்றைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தால் மொத்தக் கதவும் தடாலென்று இறங்கும்.

சிவப்புக் கயிறு அற்ப விஷயமல்ல. 2017 அக்டோபரில் வடக்குக் கலிபோர்னியாவைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது மின்சாரம் போய், கராஜைத் திறக்க முடியாமல் மாட்டிக்கொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. அதன்பின் அந்த மாநிலம் சட்டம் போட்டது: 2019 ஜூலையிலிருந்து விற்கும் கராஜ் மோட்டார்களில் பேட்டரி கட்டாயம்.

மோட்டார் மூச்சே விடவில்லை என்றால் அது வேறு வழக்கு. சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது, ரிமோட்டுக்கு மட்டும் ஓடவில்லையா? முதலில் ரிமோட் பேட்டரி. அடுத்து, வெளியூர் போகும்போது போட்டு வைக்கும் 'லாக்' யாரோ கைபட்டு விழுந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் சந்தேகம் காற்றில் வரும் அலைகள்மேல். 2019 வசந்தத்தில் ஓஹையோவில், கிளீவ்லாந்தை ஒட்டிய நார்த் ஓல்ம்ஸ்டெட்டில், சில தெருக்களில் மட்டும் கார்ச் சாவிகளும் கராஜ் ரிமோட்டுகளும் வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை. பக்கத்தில் நாசாவின் ஆராய்ச்சி மையம் இருப்பதால் ஊர்வாய் அங்கே போயிற்று. கடைசியில் பார்த்தால், எலெக்ட்ரானிக்ஸ் பித்துள்ள ஒருவர், மாடியில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று அறிய வீட்டிலேயே செய்துகொண்ட சின்னக் கருவி! அது 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் கூவிக்கொண்டிருந்தது; பேட்டரியைக் கழற்றியதும் தெரு தெளிந்தது. 2004-இல் ஃப்ளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தில் புது ரேடியோக்களைச் சோதித்தபோதும் சுற்றுவட்டாரக் கராஜ்கள் வாயடைத்தன. 390 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அலைவரிசை உரிமை ராணுவத்துக்கு. உரிமம் இல்லாத ரிமோட்டுகள் அங்கே ஒண்டுக்குடித்தனம்.

சிலர் கதவோரம் தரையருகே இருக்கும் மின்கண்ணை உடனே துடைக்கப் போவார்கள். குழந்தைகள்மேல் கதவு இறங்கிவிடாமலிருக்க 1993 முதல் அமெரிக்காவில் கட்டாயமாக்கிய பாதுகாப்பு ஏற்பாடு அது. மூடுவதைத்தான் அது தடுக்கும். திறக்காத கதவுக்கு அதைத் துடைப்பது வீண் வேலை.

சரி, ஸ்பிரிங் ஏன் உடைகிறது? சாதாரண ஸ்பிரிங்குக்குப் போடும் ஆயுள் 10,000 முறை. திறந்து மூடினால் ஒன்று. நாளுக்கு நாலு முறை என்றால் ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. பாரம் கூடிப்போய் உடைவதில்லை, ஒரே பாரம் திரும்பத் திரும்ப வந்து உடைகிறது. 1842-இல் வெர்சாய்-பாரிஸ் ரயில் அச்சு முறிந்து பலர் மாண்ட பிறகுதான் பொறியாளர்கள் இந்த உலோகச் சோர்வைத் தீவிரமாகப் பார்த்தார்கள். பிரஷ்ய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அச்சுகளை ஓயாமல் சுற்றவிட்டு, அழுத்தத்தைக் குறைத்தால் ஆயுள் எத்தனை மடங்கு கூடுகிறது என்று அளந்தார். ஸ்பிரிங்குக்குச் சொல்லும் 10,000 அந்த வழியில் வந்த எண்தான்.

சுருளின் உட்பக்கத்தில்தான் அழுத்தம் அதிகம். மேற்பரப்பில் ஒரு துருப்புள்ளியோ கீறலோ போதும், விரிசல் அங்கிருந்து மயிரிழையாக ஊரும். கதவு மூடியிருக்கும்போதுதான் முறுக்கு உச்சத்தில். குளிரில் எஃகு விரிசலைத் தாங்கும் திறனும் சற்றுக் குறையும். அதனால் ராத்திரியில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்கும். காலையில் சுருள் இரண்டு துண்டாகியிருக்கும். நடுவே தெரியும் இடைவெளியைப் பாருங்கள்: ஒன்றேமுக்கால் அங்குலம் போல இருக்கும். முறுக்கும்போது சுற்றுக்கு ஒரு கம்பித் தடிமன் வீதம் சுருள் நீண்டிருந்தது. 6 மில்லிமீட்டர் கம்பி, ஏழரைச் சுற்று, ஆக 45 மில்லிமீட்டர். உடைந்ததும் நீண்டதெல்லாம் சுருங்கிக்கொண்டது.

இதை யூடியூப் பார்த்து நாமே மாற்றலாமா? நான் சொல்வேன், வேண்டாம். மூடிய கதவின் முறுக்கிய ஸ்பிரிங்குகளில் அடைந்திருப்பது சுமார் 1,000 ஜூல். 100 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்திருப்பதற்குச் சமம். முறுக்குவதற்கென்றே உள்ள இரும்புக் கோல்களுக்குப் பதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகியவர்களின் மணிக்கட்டு உடைந்திருக்கிறது. மெக்கானிக் வந்ததும், உடைந்தது ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் மாற்றச் சொல்வார். அதில் வியாபாரத் தந்திரம் இல்லை; இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை, அதே எண்ணிக்கையில் உழைத்தவை. நீங்கள் பதிலுக்குக் கேட்க வேண்டியது 25,000 முறை தாங்கும் ரகம். கம்பி சற்றுத் தடிமன், சுருள் சற்று நீளம், விலை கொஞ்சம் கூட. அழுத்தம் குறைவதால் ஆயுள் இரண்டரை மடங்கு.