தோட்டம் தாமானாகிறது, பலகையை எழுதப் போவது யார்?



ஒரு வட்டாரம் வளர்கிறதா, தேங்கி நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. அங்குள்ள கடைவரிசையைச் சற்று அண்ணாந்து பாருங்கள். பெயர்ப்பலகைகள் புதிதாக இருக்கின்றனவா? எந்த மொழியில் இருக்கின்றன? தூரிகையால் எழுதியவையா, இயந்திரத்தில் அச்சானவையா? இந்தக் கேள்விகளுக்கான பதிலில் அந்த ஊரின் பொருளாதாரமே அடங்கியிருக்கும். கோல சிலாங்கூரையும் வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களையும் முன்வைத்து, பெருநகர வளர்ச்சி இந்த விளம்பரப் பலகைத் தொழிலை எப்படி மாற்றுகிறது என்பதை இன்று பார்ப்போம்.

நாலே நாலு பலகைகள்

தோட்ட வாழ்க்கை செழித்திருந்த காலத்தில் ஒரு தோட்டத்தில் எத்தனை பலகைகள் இருந்திருக்கும்? நுழைவாயிலில் கம்பெனியின் பெயர், அலுவலகத்தின் முன் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. மளிகைக் கடைக்குப் பலகை இல்லாவிட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. லயத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் கடைக்காரரைத் தெரியும். கடன் புத்தகத்தில் எல்லாருடைய பெயரும் இருக்கும். பெயர்ப்பலகை என்பது நம்மைத் தெரியாதவர்களுக்காக மாட்டப்படுவது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்தில் அதற்கு வேலை குறைவு.

அந்த நாலு பலகைகளிலும் நம் வரலாறு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மலேசியாவின் முதல் வணிக முறைச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனை வரலாற்றைப் படிக்கும் உலகத்தார் எல்லாரும் இந்தத் தமிழ்ச்சொல்லை ரோமன் எழுத்தில் படிக்கிறார்கள்!

வளர்ச்சி வந்தது, பலகைகள் பெருகின

இப்போது நிலைமை வேறு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சம் பேர் வாழ்ந்த கோல சிலாங்கூர் மாவட்டத்தில், 2020 கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்தார்கள். மாவட்ட மன்றமாக இருந்த ஊராட்சி மன்றம் 2021இல் நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்ந்தது. 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும், ஈஜோக், அசாம் ஜாவா பகுதிகள் தலைநகரின் வாசலுக்கே வந்துவிட்டன. ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் பூஞ்சாக் ஆலாம், சவுஜானா உத்தாமா போன்ற குடியிருப்புகள் எழுந்தன. பூஞ்சாக் ஆலாமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகமும், பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகமும் மாணவர்களை வரவழைத்தன.

இவர்கள் அனைவரும் ஒருவருக்கொருவர் புதியவர்கள். எந்தக் கடையில் முடிவெட்டுவது, எங்கே சாப்பிடுவது, எந்தக் கிளினிக்குக்குப் போவது என்று சொல்லிக் கொடுக்க அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. பலகைதான் சொல்ல வேண்டும். எனவே புதிய கடைவரிசை ஒன்று எழும்பினால், அதிலுள்ள கடைகள் அத்தனைக்கும் பலகை தேவைப்படுகிறது.

அதோடு முடிவதில்லை. புதிய தாமான்களில் கடைகள் வேகமாகக் கைமாறும். வாடகை கட்ட முடியாமல் ஒருவர் மூடுவார். அடுத்த மாதமே வேறொருவர் திறப்பார். திறந்தவருக்கும் பலகை வேண்டும். மூடியவரின் பலகையைக் கழற்றவும் ஆள் வேண்டும். ஊரின் பெயரே மாறுவதும் உண்டு. 2007இல் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா ஆனது. அப்படி மாறும்போது பலகை, ரசீதுப் புத்தகம், லாரிக் கதவில் எழுதிய முகவரி என எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியதாகிறது.

வேகம் எழுத்தைப் பெரிதாக்குகிறது

எழுத்தின் அளவும் மாறிவிட்டது. ஏன் தெரியுமா? நாம் பலகையைக் கடந்து போகும் வேகம் மாறிவிட்டது.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பலகையைக் கண்டு, படித்து, நிற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய 4 வினாடி தேவை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதிப்பவர் அந்த 4 வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் போவார். 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுபவரோ 100 மீட்டரைக் கடந்துவிடுவார். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது பலகைத் தொழிலில் உலகெங்கும் சொல்லப்படும் பொது விதி. அதன்படி சைக்கிள்காரருக்கு 5, 6 அங்குல எழுத்து போதும். கார்காரருக்கு 33 அங்குலம் வேண்டும். இரண்டே முக்கால் அடி!

கிள்ளானிலிருந்து ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாகச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் பயணம் செய்பவர்கள் இதைக் கண்ணாலேயே காணலாம். ஊருக்குள் இருக்கும் பழைய கடைகளில் எழுத்துகள் சிறியவை. சாலையோரப் புதிய கடைகளில் அவை பெரியவை. எழுத்து பெரிதானால் பலகை பெரிதாகும். அதைத் தாங்க இரும்புச் சட்டம் வேண்டும். இரவில் தெரிய விளக்கும் வேண்டும். ஒரு தூரிகையும் நாலு டின் சாயமும் வைத்துக்கொண்டு தனி ஆளாகச் செய்த தொழிலுக்குள் பற்றவைப்பவரும் மின்சாரத் தொழிலாளியும் நுழைந்தது இப்படித்தான்.

தூரிகையிலிருந்து எல்.இ.டி. வரை

கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தத் தொழில் பல படிகளைக் கடந்திருக்கிறது. முதலில் ஒட்டுப்பலகையிலோ தகரத்திலோ எனாமல் சாயத்தால் கையால் எழுதும் முறை. சாக்பீஸில் கோடு போட்டு, கை நடுங்காமல் இருக்க ஒரு குச்சியை ஊன்றி எழுதுவார்கள். பிறகு கணினி வெட்டும் ஸ்டிக்கர் எழுத்துகள் வந்தன. அதன்பின் பெரிய அளவில் அச்சிடும் இயந்திரங்கள் வந்து பெனர்களும் பண்டிங்குகளும் மலிந்தன. இப்போது உள்ளே எல்.இ.டி. விளக்கு வைத்த முப்பரிமாண எழுத்துகளின் காலம். நீல நிற எல்.இ.டி. விளக்கைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல விளக்கு பிறந்ததால்தான் வெள்ளை எல்.இ.டி. சாத்தியமாயிற்று, இன்று நம் உணவகப் பலகைகளிலும் ஒளிர்கிறது.

ஒவ்வொரு படியிலும் செலவு, நேரம், தேவையான திறமை எல்லாம் மாறின. கையெழுத்துக் காலத்தில் முதலீடு குறைவு, பயிற்சி அதிகம். தோட்டத்தில் பிறந்த ஒரு பையன் ஒரு பெயிண்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் தானே தொழில் செய்ய முடியும். இயந்திரக் காலத்தில் கணக்கு தலைகீழ். எழுதப் பழகப் பல ஆண்டுகள் வேண்டியதில்லை. ஆனால் இயந்திரம் வாங்கப் பணம் வேண்டும். கையில் திறமையும் பையில் வெறுமையும் கொண்டிருந்த நம்மவர்கள் பலர் பின்தங்கியது இந்தத் திருப்பத்தில்தான். சென்னையில் சினிமா பேனர் வரைந்த ஓவியர்களுக்கும் பிளெக்ஸ் அச்சு வந்தபோது இதே கதிதான்.

சாலை இரண்டு பக்கமும் ஓடும்

கடைகள் பெருகினால் உள்ளூர் பலகைக்காரருக்கு வேலை பெருக வேண்டும் அல்லவா? பாதி உண்மைதான். புதிய கடைவரிசைகளில் நல்ல முனைக்கடைகளைப் பிடிப்பவை பெரும்பாலும் சங்கிலிக் கடைகள். நாடு முழுவதும் ஒரே நிறம், ஒரே எழுத்து. அவற்றின் பலகைகளைத் தலைமை அலுவலகமே மொத்தமாகச் செய்து அனுப்பிவிடும். உள்ளூர்க்காரருக்குக் கிடைத்தால் மாட்டும் கூலி மட்டும் கிடைக்கும்.

மற்ற கடைக்காரர்களுக்கும் இப்போது கைத்தொலைபேசி போதும். படத்தைக் கோலாலம்பூருக்கோ ஷா ஆலாமுக்கோ அனுப்பினால் மலிவாக அச்சடித்துத் தருகிறார்கள். வாடிக்கையாளரைக் கோல சிலாங்கூருக்குக் கொண்டுவந்த அதே நெடுஞ்சாலை, போட்டியாளரையும் கொண்டுவந்துவிட்டது.

அப்படியானால் உள்ளூர்க்காரருக்கு என்னதான் மிச்சம்? தூரத்திலிருந்து செய்ய முடியாத வேலைகள் மிச்சம். இடத்தை அளப்பது, ஏணி வைத்து மாட்டுவது, எரியாத விளக்கை அன்றே மாற்றுவது, உரிம விண்ணப்பத்துக்கு ஓடுவது. இது கடலோர மாவட்டம். உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பலகையை ஆண்டுதோறும் பார்த்துப் பராமரிக்கப் பக்கத்தில் ஒருவர் இருப்பது கடைக்காரருக்குப் பெரிய வசதி. அச்சடிப்பதில் கிடைக்கும் லாபம் சுருங்கினாலும் பராமரிப்பில் வருமானம் இருக்கிறது.

விழுந்துபோன புள்ளி

இன்னொரு வேலையும் மிச்சம் இருக்கிறது. அதுதான் தமிழ்.

தொலைக்காட்சித் திரையில் ஓடும் எழுத்தில் ஓர் ஒற்று விடுபட்டாலும் நேயர்கள் உடனே தொலைபேசியில் எங்களைப் பிடித்துக்கொள்வீர்கள். ஆனால் கடைப்பலகையில் பிழை இருந்தால் அது பல ஆண்டுகள் அப்படியே தொங்குகிறது. இதற்குக் காரணம் அக்கறையின்மை மட்டுமல்ல, இயந்திரமும்தான். ஸ்டிக்கரை வெட்டியபின் வேண்டாத பகுதியை உரித்தெடுப்பார்கள். அப்போது மெய்யெழுத்தின் மேலுள்ள சிறு புள்ளியும் சேர்ந்து வந்துவிடக்கூடும். 'பால்' 'பால' ஆகிவிடும்! தமிழ் தெரியாத தொழிலாளிக்கு அது ஒரு தூசி போலத்தான் தெரியும். யூனிகோட் தமிழைக் கையாளத் தெரியாத பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் ஒட்டினால் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறும்.

மலேசியரான முத்து நெடுமாறன் 1985லேயே முரசு மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழை ஏற்றிய நாடு இது. கருவி நம்மிடம் இல்லாமல் இல்லை. பலகைக் கடையில் அதைத் தெரிந்த ஆள்தான் இல்லை. எழுத்தை ஒரு தடவை சரிபார்த்துத் தரும் தமிழர் ஒருவர் அந்தத் தொழிலில் இருந்தாலே பெரும்பாலான பிழைகள் மறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ், விளம்பரப் பலகைக்கு அந்தந்த ஊராட்சி மன்றத்தின் உரிமம் தேவை. பலகையில் தேசிய மொழிக்கு முதன்மை தர வேண்டும். வாசகத்துக்கு டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவின் சரிபார்ப்பையும் பல ஊராட்சி மன்றங்கள் கேட்கின்றன. 2024 இறுதியில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் இந்த விதியை மீறிய கடைகளுக்கு அறிவிக்கை வழங்கியது நினைவிருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு, தமிழ் எழுதினால் அபராதம் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. அதிகாரப்பூர்வக் காரியங்கள் அல்லாத மற்றவற்றில் வேறு மொழிகளைப் பயன்படுத்துவதை யாரும் தடுக்க முடியாது என்று அரசியலமைப்பின் 152ஆவது பிரிவே கூறுகிறது. மலாய் முதன்மையாகவும் தெளிவாகவும் இருக்கட்டும். அதனுடன் தமிழும் இருக்கட்டும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதற்குப் பிறகுதான் பலகைக்கு முன்பணம். பலகையைச் செய்துவிட்டு அனுமதிக்குப் போனால், திருத்தும் செலவு உங்கள் தலையில்.

விதிகளை வெறும் தொல்லையாக நினைக்கவும் கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் மீது விழுந்தது. அவர் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி மோதி உயிரிழந்தார். பலகை என்பது பல கிலோ எடையுடன் மனிதர் தலைக்கு மேல் நிற்கும் ஒரு பொருள். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரமோ 2007இல் பெரிய விளம்பரப் பலகைகளையே தடை செய்து, கடைப்பலகைகளின் அளவையும் சுருக்கியது. அளவு மீறிப் போனால் எந்த நகரமும் ஒருநாள் அப்படி முடிவெடுக்கக்கூடும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வாசல்

தோட்டம் போனது, வேலை போனது என்று வருந்தும் குடும்பங்கள் வட சிலாங்கூரில் ஏராளம். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அதே நிலத்தில் எழும் ஊர் வாங்கும் பலகைகளில் நமக்கும் பங்கு வேண்டாமா?

கியாட்மாரா போன்ற பயிற்சி மையங்களில் மின் இணைப்பும் பற்றவைப்பும் கற்றுத் தருகிறார்கள். வரைகலை கற்ற ஒருவர், பற்றவைக்கத் தெரிந்த ஒருவர், மின்சாரம் தெரிந்த ஒருவர் என மூன்று இளைஞர்கள் சேர்ந்தால் ஒரு பலகை நிறுவனம் தயார். விலை உயர்ந்த அச்சு இயந்திரத்தை முதல் நாளே வாங்க வேண்டாம்; அச்சை வெளியில் கொடுத்து, அளப்பது, மாட்டுவது, பராமரிப்பது ஆகியவற்றில் தொடங்கலாம். தொழில் ஊன்றியபின் கடனுதவி தேவைப்பட்டால், இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் ஸ்பூமி திட்டத்தைப் பற்றி விசாரிக்கலாம். நம் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் சங்கங்களும் முதல் சில வேலைகளை இவர்களுக்குக் கொடுத்தாலே போதும், கால் ஊன்றிவிடுவார்கள்.

கோல்பீல்ட்ஸ், துவான் மீ, ராஜா மூசா என நம் தமிழ்ப்பள்ளிப் பெயர்கள் பலவற்றில் 'லாடாங்' என்ற சொல் இன்னும் நிற்கிறது. அந்தப் பலகைகள் நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்கின்றன. எதிரே எழும் புதிய கடைவரிசையின் பலகைகளில் சில, அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் கைவண்ணமாக இருக்கட்டும். அடுத்த முறை உங்கள் கடைக்கோ, கோயிலுக்கோ பலகை செய்ய நினைக்கும்போது, முதலில் உங்கள் வட்டாரத்து இளைஞர் ஒருவரைக் கூப்பிட்டு விலை கேளுங்கள்.